ஏற்றாத கொடி

செவரீனின் படகுத்துறையில் அன்றைய கணக்கை முடிக்க நோட்டும் பேனாவும் வேண்டாம். கார் நிற்கும் புல்வெளியை எட்டிப் பார்த்தால் போதும். காலையில் வருகிறவர்கள் காரை அங்கே விடுவார்கள். அவளிடம் வேலை பார்க்கும் ரெமி அவர்களை வேனில் ஏற்றி, பின்னால் படகுகளை இழுத்துக்கொண்டு போய், தொர்தோஞ் நதியின் மேற்பக்கத்தில் இறக்கிவிடுவான். அவர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு, பாறை மேல் நிற்கும் கோட்டையைப் படம் பிடித்து, கூழாங்கல் திட்டில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, யார் ஒழுங்காகத் துடுப்புப் போடவில்லை என்று கணவனும் மனைவியும் சண்டை போட்டு, சாயங்காலத்துக்குள் தங்கள் காரிடமே வந்து சேருவார்கள். கார் நின்றால் ஆள் தண்ணீரில் இருக்கிறார். கார் போனால் ஆளும் போயாயிற்று. இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை, அதனால்தான் அதன் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

அன்று கடைசியாகப் போனது ஒரு டச்சுக் குடும்பம். அவர்களுடைய சின்னவன் ஒரு செருப்பை நதிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அந்தச் செருப்புக்கு யார் பொறுப்பு என்று அவன் அப்பா செவரீனிடம் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் சட்டைப்பையில் போன் அடித்தது. அணையிலிருந்து வரும் பதிவுக் குரல். மலையில் பெருமழை, இன்று மாலை தண்ணீர் திறக்கப்படும், நதியில் இருப்பவர்கள் கரையேறவும். அந்தக் குரலைக் கோடையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது அவள் கேட்பாள். கேட்டதும் துறைமேட்டுக் கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றுவாள். பின்தங்கி வரும் படகுகள் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேகமாக வந்து ஒதுங்கும்.

டச்சுக்காரர் ஒருவழியாகக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு புறப்பட்டார். புல்வெளி காலி.

"கொடி ஏத்தட்டுமா?" என்று கேட்டான் ரெமி. முப்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். கையில் ஈரமான உயிர்காப்புச் சட்டைகள் ஒரு கட்டு.

"யாருக்கு? நம்ம ஆளு ஒருத்தரும் ஆத்துல இல்ல."

"அதுவும் சரிதான். மீனுக்கு எதுக்குக் கொடி!"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிறகு அவளுக்கு உடம்பு கூசியது.

மீனுக்குக் கொடி வேண்டாம்தான். மீன் பிடிக்கிறவர்களுக்கு? ஆனால் அவர்களைப் பற்றி அவள் ஏன் கவலைப்பட வேண்டும், சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் படகுக்காரர்களும் தூண்டில்காரர்களும் பேசிக்கொள்வதே ஊராட்சி மன்றத்தில்தான், அதுவும் கத்தித்தான் பேசுவார்கள். நாலு கோடைக்கு முன்னால் ஒரு ஒப்பந்தம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். காலை பத்து முதல் மாலை ஆறு மணி வரை நதி படகுகளுக்கு. மற்ற நேரமெல்லாம் தூண்டிலுக்கு. ஆறடித்த பிறகு ஒரு துடுப்பு நனைந்தாலும் புகார்தான்.

புகார் எழுதுவது பெரும்பாலும் அர்மான் தெல்மாஸ். எழுபதைத் தாண்டியவர், தூண்டில் சங்கத்தின் தலைவர். செவரீனின் மஞ்சள் படகுகளுக்கு அவர் வைத்த பெயர் வாழைப்பழம். செவரீனுக்கு அவர் பெயரே வைக்கவில்லை, 'படகுக்காரி' என்பதோடு சரி. துறை இருக்கும் நிலம் ஊராட்சியுடையது. அங்கே துறை நடத்தும் அனுமதியை நீட்டிப்பதா இல்லையா என்று அடுத்த வாரம் மன்றம் கூடுகிறது. கூடாது என்று ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர் இதே தெல்மாஸ்தான். சந்தையில் வாத்து வாங்கவந்த பாரிஸ்காரியிடம்கூடக் கையெழுத்து வாங்கினாராம். எதிரி என்றால் இப்படி மெனக்கெடுகிற எதிரி கிடைக்கவேண்டும்.

செவரீன் படகுகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருந்தது, இங்கேயோ வெயில் இன்னும் சாயவில்லை. போன் மறுபடி அடித்தது. தெல்மாஸின் மனைவி இவெத்.

இவெத் அவளுக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கம்மா. மேல இடி இடிக்குது. இன்னிக்குத் தண்ணி விடுறாங்களா?"

"ஆமாம்மா, விடுறாங்க. ஏன்?"



"இவரு போயிருக்காரே."

"எங்க?"

"தூண்டில் போட. நான் கேட்டேன் செவரீன், வானம் இப்படி இருக்கே, போகத்தான் வேணுமான்னு. வாசல்ல நின்னு கீழ பார்த்தாரு. 'படகுக்காரி கொடி ஏறலை, தண்ணி வராது'ன்னுட்டுப் போயிட்டாரு. தினம் அதைப் பார்த்துட்டுத்தான் இறங்குவாரு. உங்ககிட்ட சொல்லிடாதம்மா, கோவிச்சுக்குவாரு."

 தன்னிடமே 'உங்ககிட்ட சொல்லிடாத' என்று அந்த அம்மாள் உளறுகிறாள் என்பதுகூடச் செவரீனுக்கு உறைக்கவில்லை. "போன் எடுத்துட்டுப் போனாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"மீன் பயந்துடுமாம்."

துறையில் படகுகளை இழுத்தேற்றும் சிமெண்டுச் சரிவின் கடைசிப் படியைத் தண்ணீர் அப்போதே தொட்டுவிட்டது. தெளிவாக இருந்த நதி கலங்கலாகி, சருகும் சுள்ளியும் சுமந்து வந்தது. இது முன்வெள்ளம். பின்னால்தான் பெரியது வரும்.

அவள் மேட்டுக்கு ஓடினாள். கொடியைக் கயிற்றில் மாட்டி, பாதிகூட இழுக்கவில்லை, கை நின்றுவிட்டது.

அவர் எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தவரை தெல்மாஸ் பழைய மாவு ஆலைக்குப் பக்கத்தில் மீன் பிடிப்பவர். அவருடைய வெள்ளை வேன் தினமும் அங்கேதான் நிற்கும். உண்மையில் வேனை அங்கே விட்டுவிட்டு, கரையோரப் புதர் வழியாக ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கி, நதி நடுவில் இருக்கும் கொக்குத் தீவுக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்விடுவார். நல்ல இடம் கிடைத்த தூண்டில்காரன் அதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டான், வேனை வேறு இடத்தில் நிறுத்திச் சக தூண்டில்காரர்களை ஏய்ப்பது அவர்களுக்குள் சாதாரணம். செவரீனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கடைசிப் படகுகளை விரட்டிக்கொண்டு வரும்போது தீவின் வில்லோ மரங்களுக்கு நடுவே அந்தப் பச்சைத் தொப்பியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவளைக் கண்டதும் தொப்பி சட்டென்று குனியும். அவளும் பார்க்காதது போலப் போய்விடுவாள்.

தீவிலிருந்து இந்தக் கம்பம் நன்றாகத் தெரியும். இப்போது கொடி ஏறினால் அவர் பார்ப்பார். பார்த்ததும் வந்த வழியே கரைக்கு நடக்கப் பார்ப்பார். முழங்கால் ஆழமாக இருந்த அந்தக் கால்வாய் இப்போது இடுப்பளவு இருக்கும். அவர் போட்டிருப்பது மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை. கால் இடறி அதற்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்த மாதிரிதான்.

முன்பே ஏற்றியிருந்தால் உயிரைக் காப்பாற்றியிருக்கும். இப்போது ஏற்றினால் உயிரை எடுத்துவிடும். கொடியை அப்படியே உருவிக் கீழே போட்டாள்.

"ரெமி! இதைத் தொடாத. நான் திரும்பி வர்ற வரைக்கும் தொடவே கூடாது. புரியுதா?"

"என்ன ஆச்சு?"

"தெல்மாஸ் தீவுல இருக்காரு. வேனை எடு."

வேனில் தாவி ஏறும்போதே தீயணைப்புப் படைக்குப் போன் போட்டாள். எடுத்தது பாஸ்கல். ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், தொண்டர் படைக்குத் தலைவன், ஊராட்சி மன்றத்திலும் ஒரு நாற்காலி, சங்கத்தில் தூண்டிலும் உண்டு. அந்த ஊரில் ஒரே ஆளுக்கு நாலு தொப்பி.

"இவெத் இப்பத்தான் கூப்பிட்டாங்க, நாங்க கிளம்பிட்டோம்," என்றான் பாஸ்கல். "ஆலைக்குப் போறோம்."

"ஆலையில அவரு இல்ல. கொக்குத் தீவு!"

"வேன் ஆலைக்கிட்ட நிக்குது செவரீன், நம்ம ஆளு பார்த்துட்டுச் சொல்றான்."

"வேன்தான் நிக்கும். ஆளு தீவுல."

"பத்து வருஷமா அவரோட சேர்ந்து மீன் பிடிக்கிறேன், எனக்குத் தெரியாதா அவரு இடம்?"

"பத்து வருஷமா நீ பார்த்தது வேனை, பாஸ்கல்! வேனை!"

 "ஆலையை ஒரு தடவை பார்த்துட்டு அங்க வர்றோம். நீ தண்ணில இறங்காத. இது உத்தரவு," என்றான்.

அவள் போனை இருக்கையில் வீசினாள். ஆலையை ஒரு தடவை பார்ப்பதற்குள் அந்தத் தீவு இருக்காது. பெரிய வெள்ளம் வந்தால் அது முழுகிப்போய், வில்லோ மரங்களின் தலை மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

ரெமி அக்ரூட் தோப்பின் நடுவே வேனை ஓட்டினான். கிளைகள் கூரையில் அறைந்தன. தீவுக்குச் சற்று மேலே கரை தாழ்வாக இருந்த இடத்தில் மூன்று பேர் உட்காரும் படகு ஒன்றை இறக்கினார்கள். அவள் தனக்கு ஒரு உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலடியில் போட்டாள். கயிற்றுச் சுருளையும் கத்தியையும் இடுப்பில் செருகினாள்.

"நானும் வர்றேன்," என்றான் ரெமி. இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ரெண்டு பேரும் போயிட்டா நம்மள யாரு புடிக்கிறது? துறைக்குப் போ. கயிறோட நில்லு. துறையைத் தாண்டிட்டோம்னா பாலத் தூண்ல போய்த்தான் அடிப்போம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நதி படகைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

தினமும் பார்க்கிற நதி இல்லை அது. காலையில் குழந்தைகள் எட்டிக் குதித்த பாறைகளெல்லாம் தண்ணீருக்கடியில் இருந்தன. வேரோடு பெயர்ந்த ஒரு மரம் அவளுக்கு இணையாக உருண்டு வந்தது. அதை முன்னால் போகவிட்டு, துடுப்பைப் பின்னுக்குப் போட்டு, படகின் மூக்கைத் தீவின் பக்கம் திருப்பினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. அவர் அங்கே இல்லாவிட்டால்? இதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தால்? நான் கொன்றுவிட்டேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கேட்க ஆளில்லை.

முதலில் தெரிந்தது தொப்பிதான்.

தீவின் கீழ்முனையில் இருந்த தடித்த வில்லோ மரத்தை இடது கையால் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார் தெல்மாஸ். வலது கையில் தூண்டில் கழியை விடாமல் உயர்த்திப் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. படகைப் பார்த்ததும் அந்த உதடு அசைந்தது.

"ஆறு மணிக்கு மேல ஆத்துல உனக்கென்ன வேலை?"

"புகார் எழுதுங்க! முதல்ல அந்தக் கழியை விடுங்க!"

"எங்கப்பா குடுத்தது!"

"உங்கப்பாவைப் போய்ப் பார்க்கணுமா இப்ப?"

மரத்தின் பின்புறம் தண்ணீர் கொஞ்சம் அடங்கிச் சுழன்றது. அந்தச் சின்ன இடத்தில் படகை நுழைத்து, கயிற்றைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தாள். கிளை வளைந்து முனகியது. இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசிக்க அவள் விரும்பவில்லை.

அவர் கழியை விட்டார். அது போவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தார். படகு அவர் பக்கம் சாய்ந்து தண்ணீர் மொண்டது.

"ஏறாதீங்க! கவுந்துடும். கால்சட்டைக்குள்ள தண்ணி போயிருக்கா?"

"இடுப்பு வரைக்கும். கால் தூக்க முடியலை." குரல் உடைந்தது. "படகுக்காரி, எனக்குக் கால் தூக்க முடியலை."

அப்போதுதான் அவர் பயந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அதுவரை பார்த்த தெல்மாஸ் வேறு ஆள்.

"வாரை அறுக்கிறேன். அசையாதீங்க. மரத்தை மட்டும் விட்டுடாதீங்க." ஒரு கையில் கயிறு, மறு கையில் கத்தி. தோளில் இருந்த ரப்பர் வார் இரண்டையும் அறுத்தாள், இடுப்புப் பட்டையையும் அறுத்தாள். "இப்ப காலை உதறுங்க. ஒண்ணொண்ணா."

அவர் முக்கி முனகினார். ஒரு கால் வந்தது. மற்றது வரவில்லை. கிளை படீரென்று கீறல் விட்டது.

"வரலை!"

"வரும்! திட்டுங்க என்னை, திட்டிக்கிட்டே இழுங்க!"

அவர் திட்டினார். அந்தப் பள்ளத்தாக்கின் பழைய பாஷையில், மாதா கோவில் பக்கம் சொல்லக்கூடாத வசவுகள் அத்தனையும் திட்டினார். கால் கழன்றது. ரப்பர் கால்சட்டை ஊதிப் புரண்டு, ஆள் மாதிரியே மிதந்து போயிற்று. அவள் உயிர்காப்புச் சட்டையை அவர் தலை வழியாக மாட்டி இறுக்கினாள். படகின் பின்முனைக்கு அவரை நகர்த்தி, அங்கே இருந்த கைப்பிடியில் இரண்டு கையையும் கோக்கவைத்தாள்.

முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்தான். அவளால் அடக்க முடியவில்லை.

"கொடியை நான் ஏத்தலை. போன் வந்துச்சு, ஆனா ஏத்தலை. என்னை மன்னிச்சுடுங்க."

"தெரியும்," என்றார் தெல்மாஸ். பல் கிடுகிடுத்தது. "பார்த்தேனே. துடுப்பைப் போடு."

அவள் கயிற்றை அறுத்தாள்.

பிறகு நடந்ததில் அவளுக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். வளைவில் நதி அவர்களை வெளிக்கரைப் பாறையை நோக்கித் தள்ளியது. பின்னால் அவர் கனம் இழுத்ததால் படகு சொன்னபடி திரும்பவில்லை. பாறை விலாவில் உரசிக் கிறீச்சிட்டது. "இருக்கீங்களா?" என்று திரும்பாமலே கத்தினாள். "இருக்கேன்," என்று பதில் வந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி கத்தினாள். பதில் வரத் தாமதமானது. அந்தத் தாமதத்தில் அவள் கடவுளிடம் என்னென்னவோ ஒப்புக்கொண்டாள். பிறகுதான் "இருக்கேன்னேனே," என்று எரிச்சலான குரல் கேட்டது.

துறையில் ரெமி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். முதல் வீச்சில் கயிறு அவள் தலைக்கு மேலே பறந்து போனது. இரண்டாவது வீச்சு மடியில் விழுந்தது. அதைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கயிறு இறுகி அவள் தோலை உரித்தது, படகு சுழன்று கரையில் மோதியது. ரெமி கிழவரைக் கக்கத்தில் கைகொடுத்துச் சிமெண்டுச் சரிவின் மேல் இழுத்துப் போட்டான்.

தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. பின்னாலேயே யாரோ ஒருவருடைய காரில் இவெத். சத்தம் கேட்டு, பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் கூடாரத் திடலிலிருந்தும் பத்து இருபது பேர் வந்துவிட்டார்கள். இவெத் கணவனைக் கட்டிக்கொண்டு அழுது, உடனே தலையில் ஒரு குட்டுக் குட்டினாள். கம்பளிக்குள் நீலம் பாரித்த முகமும் வெறும் காலுமாக உட்கார்ந்திருந்தார் தெல்மாஸ்.

பாஸ்கல் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆலைக்கிட்டன்னு பத்து வருஷமா என்னை நம்ப வச்சீங்களே பெரியவரே."

"நீ நம்பினே," என்றார் தெல்மாஸ்.

"சரி, அது போகட்டும். அறிக்கை எழுதணும். தண்ணி விடுறது தெரிஞ்சும் ஏன் அங்கயே நின்னீங்க? கொடிதான் ஏறியிருக்கே."

செவரீன் நிமிர்ந்து பார்த்தாள். துறைமேட்டுக் கம்பத்தின் உச்சியில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. ரெமியைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். படகு வளைவில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் ஏற்றியிருக்கவேண்டும், அவளைக் காப்பாற்றுவதற்காக. அடுத்த வாரம் மன்றத்தில் உட்காரப்போகும் பாஸ்கலின் கண்ணில் அது படவேண்டும் என்பதற்காக.

தெல்மாஸும் கொடியைப் பார்த்தார். மெதுவாகப் பார்த்தார். பிறகு செவரீனின் கையைப் பார்த்தார், கயிறு உரித்த இடத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் அவர் சொன்னால் போதும். ஊர் முழுக்க அலைந்து வாங்கிய கையெழுத்துகள் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிடும். அவர் வாயிலிருந்து வந்தால் அது பொய்யும் இல்லை.

"ஏறித்தான் இருந்துச்சு," என்றார் தெல்மாஸ். "நான் பார்த்தேன். மதிக்கலை. கிழட்டுப் பிடிவாதம்னு எழுதிக்கோ."

பாஸ்கல் தலையாட்டினான். ரெமி நீளமாக மூச்சு விட்டான். அவ்வளவுதான், முடிந்தது. செவரீன் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வீடு, துறை, வாங்கிய படகுகள், ரெமியின் வேலை எல்லாம் தப்பிவிடும். அவள் நின்றுதான் பார்த்தாள். பக்கத்தில் இவெத் கணவனின் பாதத்தைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொடி ஏறவில்லை என்று அவர் வாசலில் நின்று சொன்னதைக் காதால் கேட்டவள் அவள். அவளும் வாய் திறக்கவில்லை.

"இல்ல பாஸ்கல்," என்றாள் செவரீன். "அவரு பார்க்கும்போது கொடி இல்ல. எனக்குப் போன் வந்துச்சு. படகுக்கு வந்தவங்க காரெல்லாம் போயிடுச்சுன்னு நான் ஏத்தலை. இது அப்புறமா ஏறினது."

கூடாரத் திடல் ஆட்கள் சிலர் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். பாஸ்கல் அவளையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

தெல்மாஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வயசுக்கு ஒரு படகுக்காரிக்காக முதல் தடவையா ஒரு பொய் சொன்னேன். அதையும் உருப்பட விடமாட்டேங்கிறியே! உனக்கு மூளை இருக்கா?"

"பொய்யில வர்ற அனுமதி வேணாம் எனக்கு," என்றாள்.  "நீங்க அங்கயே செத்திருந்தா?"

"சாகலையே."

  தெல்மாஸ் கம்பளியை விலக்கிவிட்டு எழுந்தார். பிடிக்கப்போன இவெத்தின் கையைத் தள்ளினார். சங்கத் தலைவராக மன்றத்தில் எழுந்து நிற்பது போலவே நின்றார், காலில் செருப்பில்லை என்பது ஒன்றுதான் குறை.

"சரி, எழுது பாஸ்கல். இவ சொன்னதை எழுது, ஒரு எழுத்தும் விடாம. அதுக்குக் கீழ நான் சொல்றதையும் எழுது. இவ கொடியைப் பார்க்காம நான் ஒரு நாளும் ஆத்துல கால் வச்சதில்லை. இத்தனை வருஷத்துல அது இன்னிக்கு ஒரு நாள்தான் தவறிப்போச்சு. ரெண்டையும் சேர்த்து மன்றத்துல படி. நானும் வர்றேன்."

அத்தனை நேரம் திடமாக நின்றிருந்த செவரீன் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துகொண்டு அழத் தொடங்கினாள்.